மாமையும் பசலையும்: டிஜிற்றல் உருவோவியத்தில் ஒளியூட்டல்

நிழல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு. ஒளி மறைக்கப்பட்ட இடத்தைக் குறிப்பது ஒன்று. ஒளியையே குறிப்பது மற்றொன்று. இற்றை வழக்கில் முன்னைய பொருளே நிலைத்துவிட்டது. எனினும், சங்கச் செய்யுட்களில் மணியின் ஒளியையும் மேனியின் ஒளியையும் நிழல் என்னும் சொல்லாற் சுட்டும் வழக்கு உண்டு. உரையாசிரியர்களும் அவ்விடங்களில் ஒளி என்றே பொருள் உரைப்பர். ஒரு சொல் மாறுபட்ட இருபொருளை ஏற்பது மொழியின் குறைபாடன்று. ஒளியும் இருளும் ஒன்றையொன்று சார்ந்தே கண்ணுக்குப் புலனாவன என்னும் உண்மையை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு அதனைச் சான்றாகக் கொள்ளலாம். இவ்வுண்மையை ஓவியன் மறப்பானாயின் அவன் தீட்டும் உருவம் எத்துணைப் பளபளப்புடையதாயினும் ஒளியுடையதாகாது. இக்கருத்தை நம் காலத்து டிஜிற்றல் உருவோவியங்களுக்குப் பொருத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி என்னும் மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலத்தில் இன்று ஓவியம் மக்கள் கண்ணிற் படும் இடங்கள் யாவை? கோவிற் றிருவிழாவில் வீதியோரம் கட்டப்படும் பிளெக்ஸ் பதாகை, நூலின் மேலட்டை, நாட்காட்டி, கைத்தொலைபேசித் திரை ஆகியனவே அவை. இவற்றிற் காணப்படும் தெய்வ உருவங்களும் வீரர் உருவங்களும் தூரிகையால் எழுதப்பட்டன அல்ல. பெரும்பாலும் கணினியிலோ கைத்தொலைபேசியிலோ வண்ணந் தீட்டப்பட்டன. இவ்வேலையின் முறை எங்கும் ஏறத்தாழ ஒன்றே. முதலிற் கோட்டுருவம் வரையப்படும். அடுத்து ஒவ்வோர் உறுப்புக்கும் மட்டமான ஒரு நிறம் இடப்படும். பின்னர் நிழல் சேர்க்கப்படும். இறுதியில் ஒளியும் மினுக்கமும் ஊட்டப்படும். இவ்விறுதிப் படியிலேதான் படம் உயிர் பெறுகின்றது என்பர் பயில்வோர். அது மெய்யே. ஆயின் படம் உயிரிழப்பதும் அப்படியிலேதான் என்பது எமது துணிபு.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். வன்னியின் இளம் ஓவியர் பலரும் விரும்பி வரையும் உருவம் பண்டார வன்னியனுடையது. 1803 ஆம் ஆண்டு ஓகத்து 25 ஆந் திகதி முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியவனும், அவ்வாண்டு ஒற்றோபர் 31 ஆந் திகதி கற்சிலைமடுவில் ஆங்கிலப் படைத்தலைவன் வொன் றிபேர்க்கினால் தோற்கடிக்கப்பட்டவனுமாகிய இத்தலைவனுக்கு அவன் காலத்தில் எழுதப்பட்ட உருவப்படம் எதுவும் அறியப்பட்டதில்லை. வவுனியா மாவட்டச் செயலகத்தின் முன்னுள்ள சிலையும், நாடக மேடையில் அவன் பெயரால் தோன்றிய உருவங்களும், இற்றை ஓவியங்களும் யாவும் கற்பனையிற் பிறந்தனவே. முகம் அறியப்படாத ஒருவனுக்கு முகம் கொடுக்கும் பொறுப்பு ஓவியன் மீது சுமத்தப்படுகின்றது. அவ்வாறாயின் அவனுக்கு ஓவியன் கொடுக்கும் நிறமும் ஒளியும் அணிகலன்கள் அல்ல. அவை ஒரு கருத்தின் வெளிப்பாடுகள். 'இவன் இந்நிலத்து மனிதன்' என்றோ 'இவன் எந்நிலத்தையும் சாராதவன்' என்றோ அவை சொல்லிவிடுகின்றன.

இத்தலைவனைக் காட்டும் டிஜிற்றல் படங்களிற் பெரும்பான்மையாகக் காணப்படும் அமைப்பு வருமாறு: உருவத்தின் இடப்புற விளிம்பிலே நீல ஒளி, வலப்புற விளிம்பிலே செம்மஞ்சள் ஒளி, மார்பிலும் தோளிலும் வார்னிஷ் பூசிய மரம் போன்ற மினுக்கம், வாளின் முழு நீளத்திலும் வெள்ளிக் கோடு, ஆடையிலும் அதே மினுக்கம், கருவிழியில் நட்சத்திரம் போன்ற சுடர். பின்புலத்தில் காடு இருக்கும். ஆனால் அக்காட்டின் ஒளி உருவத்தின் மேல் விழுவதில்லை. உருவத்தின் மேல் விழும் ஒளிக்கு அக்காட்டில் இடமில்லை. நீல விளிம்பொளியும் செம்மஞ்சள் விளிம்பொளியும் திரைப்பட விளம்பரங்களிலிருந்தும் கணினி விளையாட்டுக்களிலிருந்தும் வந்தன. இரு நிற விளக்குகளை ஆளுக்கு இருபுறமும் நிறுத்தும் படப்பிடிப்புக் கூடத்தின் வழக்கம் அது. கற்சிலைமடுக் காட்டில் 1803 இல் அவ்விளக்குகளை ஏற்றியவர் யார் என்னும் வினா எழுகின்றது.

இவ்வினாவை நகைச்சுவைக்காக எழுப்பவில்லை. ஒளி எங்கிருந்து வருகின்றது என்பதே உருவோவியத்தின் முதல் வினா. இவ்வினாவுக்கு விடை தெரிந்த ஓவியனுக்கு மற்றைய வினாக்கள் பல தாமே தீர்ந்துவிடும். பாலையும் முதிரையும் கருங்காலியும் செறிந்த வன்னிக் காட்டிலே பகலொளி இலைகளின் இடைவெளியால் துண்டு துண்டாக இறங்கும். ஆகவே அங்கு நிற்கும் ஒருவனின் தோளில் ஒரு துண்டு, கன்னத்தில் ஒரு துண்டு என ஒளி விழும். ஏனைய பகுதி இலையின் பசுமை கலந்த நிழலில் இருக்கும். வன்னியின் பல பாகங்களிலுள்ள செங்கபில மண் மேல் வெயில் பட்டுத் தெறிக்குமாயின் நாடியின் கீழும் மூக்கின் கீழும் மெல்லிய செம்மை படரும். நீர் நிறைந்த வயல் வரம்பில் நிற்பவனுக்கோ கீழிருந்து வானத்தின் வெண்மை தெறிக்கும். இரணைமடுக் குளத்தின் கீழ் நாற்று நடுவோரின் முகங்களை நண்பகலிற் பார்த்தோர் இதனை அறிவர். நிலம் மாறினால் முகத்தின் ஒளி மாறும். இம்மாற்றத்தைத் தீட்டுவதே நிலத்தைத் தீட்டுவதாகும்.

இனி, ஒளி வேறு, மினுக்கம் வேறு என்பதனையும் பிரித்தறிதல் வேண்டும். ஒரு பொருளின் மேல் ஒளி பட்டால் இருவகை நிகழ்ச்சிகள் உண்டாகின்றன. ஒளியின் ஒரு பகுதி பொருளினுட் சென்று, அப்பொருளின் நிறத்தை ஏற்று, எல்லாத் திசைகளிலும் பரந்து வெளிவரும். இதனாலேயே பொருளின் நிறம் நமக்குத் தெரிகின்றது. மற்றொரு பகுதி மேற்பரப்பிலேயே பட்டுக் கண்ணாடியிற் போல ஒரு திசையில் திரும்பும். இதுவே மினுக்கம். மனிதரின் தோலில் நேராகப் படும் ஒளியில் இவ்வாறு மேற்பரப்பிலிருந்து திரும்புவது நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு மாத்திரமே. இப்பங்கு வெள்ளைத் தோலுக்கும் கருந்தோலுக்கும் ஒன்றே. வேறுபடுவது உட்சென்று வெளிவரும் பகுதியாகும். மினுக்கம் பொருளின் நிறத்தை ஏற்பதில்லை. ஒளியின் நிறத்தையே கொண்டிருக்கும். உலோகம் இதற்கு விலக்கு. பொன்னின் மினுக்கம் பொன்னிறமாகவும் செம்பின் மினுக்கம் செந்நிறமாகவும் இருத்தல் காண்க.

இவ்வியற்கை விதியிலிருந்து உருவோவியனுக்குப் பெரிதும் பயன்படும் ஓர் உண்மை பெறப்படுகின்றது. மினுக்கத்தின் அளவு எல்லாத் தோலுக்கும் ஒன்றாயின், வெண்மையான தோலில் அது தன்னைச் சூழ்ந்த வெண்மையோடு கலந்து மறைந்துவிடும். கருமையான தோலிலோ அது தனித்துத் தெரியும். ஆகவே ஒளிப்பொட்டு என்னும் கருவி கருமேனிக்கே பெரிதும் உரியது. கருமேனியின் வடிவத்தை, எலும்பின் எடுப்பை, தசையின் திரட்சியை, வியர்வையின் ஈரத்தை உணர்த்துவது அதுவே. அடிநிறத்தைக் கருமையாகவே விட்டு, ஒளிப்பொட்டுக்களைச் சிறியனவாகவும் கூர்மையானவாகவும் இடும் ஓவியன் தமிழ் மேனியைத் தீட்டும் வழியை அறிந்தவனாவான். அடிநிறத்தையே வெளுக்கச் செய்து அதன் மேல் மினுக்கத்தைக் குவிப்பவன் தனக்கு இயல்பாகக் கிடைத்த வாய்ப்பைத் தானே கெடுத்துக் கொள்கின்றான்.

இத்தீங்கு கணினியில் எவ்வாறு நேருகின்றது என்பதனைச் சற்று நுணுகி நோக்குவாம். போட்டோஷொப், கிரிற்றா, புறோகிரியேற் முதலிய செயலிகளில் லேயர் எனப்படும் அடுக்குகளின் மேல் வண்ணம் இடப்படுகின்றது. மேலடுக்கு கீழடுக்கோடு எவ்வாறு கலக்கவேண்டும் என்பதற்குப் பல முறைகள் உள. மல்ரிப்ளை என்பது நிறங்களைப் பெருக்கி இருளச் செய்யும். நிழலுக்கு அது பயன்படும். ஸ்கிரீன், அட் என்பன ஒளியைக் கூட்டுவன. ஓவர்லே என்பது இருண்ட இடத்திற் பெருக்கலாகவும் வெளிறிய இடத்தில் ஸ்கிரீனாகவும் தொழிற்படும். கணினி ஒவ்வொரு நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றின் கலப்பாக 0 முதல் 255 வரையிலான எண்களாற் குறிக்கின்றது. மாநிறத் தோலின் நிழற்பகுதி ஒன்றைச் சிவப்பு 90, பச்சை 55, நீலம் 40 எனக் கொள்வோம். இதன் மேல் 128 அளவான நடுச் சாம்பல் நிறத்தை ஸ்கிரீன் முறையில் இட்டால் விளைவது 173, 155, 148. முன்னர் சிவப்பு நீலத்தின் இருமடங்குக்கு மேலாக இருந்தது. இப்போது ஆறிலொரு பங்குதான் கூடுதலாக உள்ளது. தோல் வெளிறிற்று என்பது மட்டுமன்று; அதன் செம்மை போயிற்று; சாம்பல் பூத்தது. அதே அடிநிறத்தின் மேல் வெள்ளையை ஓவர்லே முறையில் இட்டால் விளைவது 180, 110, 80. மூன்று எண்களும் ஒரே விகிதத்தில் இருமடங்காயின. தோல் வெளிச்சம் பெற்றது. ஆனால் தன் நிறத்தை இழக்கவில்லை.

இதிலிருந்து பெறப்படும் விதி எளிது. தோலின் மேற் பரந்து விழும் வெளிச்சத்துக்கு நிறத்தைக் காக்கும் முறையே தக்கது. கூட்டும் முறை மூக்கின் நுனி, கீழிதழ், நெற்றியின் வளைவு, தோட்பட்டை முதலிய சிறு இடங்களில் மினுக்கத்துக்கு மாத்திரம் உரியது. ஈண்டுக் குறிக்கத்தக்கது யாதெனில், இணையத்திற் கிடைக்கும் செய்முறைப் பாடங்களிற் பல வெளிறிய தோலையே அடிநிறமாகக் கொண்டு ஆக்கப்பட்டன. வெளிறிய அடிநிறத்தில் ஸ்கிரீன் முறை பெருந்தீங்கு செய்வதில்லை. அதே பாடத்தை மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் அவ்வண்ணமே எடுத்தாளும்போது சாம்பல் பூத்த முகங்கள் பிறக்கின்றன. அச்சாம்பலைக் கண்டு மனம் அமையாத ஓவியன் அதனை நீக்குதற்கு மேலும் ஒளியைக் கூட்டுகின்றான். அல்லது அடிநிறத்தையே வெளுப்பிக்கின்றான். இவ்வாறு, தான் அறியாமலே, தன் ஊரவர் முகத்தைத் தன் படத்திலிருந்து அகற்றிவிடுகின்றான்.

தமிழிலக்கியப் பயிற்சியுடையார்க்கு இந்நிலைக்கு உரிய பெயர் எளிதிற் புலப்படும். சங்க இலக்கியம் தலைவியின் மேனியழகை மாமை என்னும் சொல்லாற் போற்றும். மாந்தளிரின் நிறம் என்று அதற்கு விளக்கம் கூறுவர். மாந்தளிரை உற்று நோக்கியவர் அது வெறுங் கருமையுமன்று, வெறுஞ் செம்மையுமன்று, செம்பு கலந்த கபில நிறத்தின் மேல் எண்ணெய் தடவினாற் போன்ற மினுமினுப்புடையது என்பதை அறிவர். இருண்ட அடிநிறமும் அதன் மேல் நுண்ணிய மினுக்கமும் சேர்ந்ததே மாமை. தலைவன் பிரிந்தவழி அம்மாமை கெட்டு மேனியிற் படரும் வெளிறல் பசலை எனப்படும். பீர்க்கம் பூவை அதற்கு உவமை கூறுவர் புலவர். வெளிறுதல் நம் பழம் பாட்டிலே நோயாகக் கருதப்பட்டது, அழகாகக் கருதப்பட்டதில்லை. இற்றை டிஜிற்றல் ஓவியங்களில் ஒளியூட்டல் என்னும் பெயரால் நிகழ்வது மாமையை நீக்கிப் பசலையைப் பூசுதலே என்பது மிகையன்று.

நம் ஓவிய மரபு இவ்விடயத்திற் கூறுவது யாது? விட்டுணுதருமோத்தர புராணத்தின் சித்திரசூத்திரம் நிழலூட்டலை வர்த்தனை எனக் குறித்து, பத்திரஜம், ஐரிகம், பிந்துஜம் என மூவகைப்படுத்தும். இலை நரம்பு போன்ற கோடுகளாலும், நுண்ணிய பூச்சாலும், புள்ளிகளாலும் உருவத்துக்குத் திரட்சி தருதல் அம்மூன்றின் கருத்தாகும். மேடும் பள்ளமும் புலப்பட எழுதுதல் ஓவியனின் திறனுக்கு அளவுகோல் என்பது அந்நூலின் கொள்கை. அஜந்தா ஓவியர் இக்கொள்கையைக் கையாண்டதோடு மூக்கிலும் இதழிலும் நாடியிலும் வெண்ணிற ஒளிப்பொட்டுக்களை இட்டனர். கருநிற மாந்தர் உருவங்களில் அவை சிறந்து விளங்குகின்றன. ஈழத்திலே ஐந்தாம் நூற்றாண்டுச் சிகிரியாச் சுவரில் பொன்னிற மகளிரும் கருநிற மகளிரும் அருகருகே எழுதப்பட்டுள்ளனர். ஒருத்தியை அழகுசெய்தற்கு மற்றொருத்தியை வெளுப்பிக்கவேண்டும் என்று அவ்வோவியர் கருதவில்லை.

பிற்காலத் தஞ்சாவூர்ப் பலகை ஓவியத்தில் மினுக்கம் வேறொரு வழியில் வந்தது. பொற்றகடும் கண்ணாடிக் கற்களும் படத்தின் மேல் ஒட்டப்பட்டன. ஆங்கு ஒளி வண்ணத்தாற் காட்டப்படுவதன்று. பூசை அறையின் விளக்கொளியே பொன்னிற் பட்டுத் தெறிப்பது. பார்ப்பவன் அசைந்தால் ஒளியும் அசையும். அணிகலனும் ஆடையும் மினுங்கும். திருமுகம் மினுங்காது அமைதியாக இருக்கும். எது மினுங்கவேண்டும், எது மினுங்கலாகாது என்னும் தெளிவு அவ்வோவியர்க்கு இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இரவிவர்மா (1848–1906) ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையைக் கைக்கொண்டு, ஒரு திசையிலிருந்து வரும் ஒளியில் தெய்வங்களையும் காவிய மாந்தரையும் எழுதினார். பட்டின் மடிப்பிலும் முத்தின் உருட்சியிலும் அவர் காட்டிய ஒளி நம்மவர் கண்டிராதது. 1894 இல் பம்பாயிற் றொடங்கிய அவரது கல்லச்சகத்தின் படங்கள் வீடுதோறும் பரவின. அவற்றோடு வெண்ணிறத் தெய்வங்களும் பரவின என்பதனையும் மறைத்தற்கில்லை. அவ்வழியைத் தமிழ்நாட்டு நாட்காட்டிக் கலையாக மாற்றியவர் கோவிற்பட்டிக் கொண்டையராஜு (1898–1976). சிவகாசி அச்சகங்கள் வழியே பெருகிய அவர் மரபினரின் படங்களிற் கன்னத்தின் மென்மையான ஒளி தெய்வத்துக்குரிய குளிர்ச்சியாக மக்களால் ஏற்கப்பட்டது. இன்றைய டிஜிற்றல் தெய்வப் படங்கள் அந்நாட்காட்டிகளின் பேரப்பிள்ளைகளே. ஆயின் கொண்டையராஜுவின் தூரிகை ஓரிடத்திலே தொடங்கி மெல்ல மெல்ல ஓய்ந்தது; கணினித் தூரிகைக்கு ஓய்வில்லை.

மாமையை மீட்ட ஓவியர் நம் காலத்திலும் இலர் அல்லர். கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிற் பிறந்து 2021 ஆம் ஆண்டு கொவிட் நோயால் இளமையிலேயே மறைந்த ஓவியர் இளையராஜா தமிழ்ச் சிற்றூர்ப் பெண்களை எண்ணெய் வண்ணத்தில் எழுதினார். சாளரத்தாலும் வாயிலாலும் நுழையும் ஒற்றை ஒளியில் நிற்கும் அப்பெண்களின் மேனி கருமையும் கபிலமும் ஆனது. ஒளி அவர்களை வெளுப்பிக்கவில்லை. அவர்கள் நிறத்தை நமக்குக் காட்டிற்று. இருண்ட அறையின் பெரும்பகுதியை இருளாகவே விடும் துணிவு அவருக்கு இருந்தமையால் கன்னத்தின் ஒரு சிறு ஒளி போதியதாயிற்று. டிஜிற்றல் ஓவியம் பயிலும் மாணவர் இணையப் பாடங்களுக்கு முன்னர் இப்படங்களைப் பார்ப்பது நலம்.

ஈண்டு ஒரு தடை எழலாம். 'தெய்வ உருவுக்கு உலக ஒளியின் விதி பொருந்துமோ? தெய்வம் தானே ஒளியாவது. ஆகவே எங்கும் ஒளி பரவ எழுதுதல் தக்கதே' என்பர் சிலர். இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும் நம் கோவில்களே இதற்கு விடை தருகின்றன. கருவறையிலே பகலிலும் இருள் உண்டு. எண்ணெய்க் காப்பிட்ட கருங்கற் றிருமேனியின் முன் ஒரு தூண்டாமணி விளக்கு எரிகின்றது. அவ்விளக்கொளியில் நெற்றியும் மூக்கும் தோளும் சிறு சிறு பொட்டுக்களாக மின்னுகின்றன. ஏனையவை இருளில் அமிழ்ந்து கிடக்கின்றன. தீபாராதனையின்போது ஒளி அசைய அசையத் திருமுகம் உயிர்த்தெழுவது போலத் தோன்றுகின்றது. கற்றிருமேனி வெண்ணிறமாக இருந்திருப்பின் இக்காட்சி கிட்டியிராது. செப்புத் திருமேனியைச் சூழ்ந்த திருவாசியிற் சுடர்கள் இருப்பினும், அச்சுடர்கள் மேனியினின்று வேறாகவே அமைந்துள்ளன. தெய்வத்தின் ஒளியைக் காட்டச் சிற்பி மேனியை வெளுப்பிக்கவில்லை. மேலும் உருவமே ஒளி தருவதாயின் அவ்வொளி அயலிலுள்ள பொருள்களின் மேல் விழுதல் வேண்டும். அயல் இருண்டும் உருவம் மாத்திரம் வெளிறியும் இருப்பின் அது ஒளி தரும் உருவமன்று, வெளிறிய உருவமே.

வன்னியில் இதற்கு மிகச் சிறந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நந்திக்கடற் கரையில் வற்றாப்பளையிற் கோவில் கொண்ட கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலையொட்டிக் கடல்நீர் எடுத்து வந்து உப்புநீரில் விளக்கேற்றும் வழக்கம் யாவரும் அறிந்ததே. முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோவிலிற் றொடங்கி வற்றாப்பளையில் நிறைவுறும் அவ்வழிபாட்டின் நடுநாயகம் ஒரு சிறு சுடரே. அடியார் பல்லாயிரவர் திரளும் அவ்விரவில் வியப்பும் பத்தியும் அச்சிறு சுடரைச் சுற்றியே அமைகின்றன. அவ்விழாவின் பதாகையிலோ அம்மன் உருவம் தலை முதல் அடி வரை மின்னல் பாய்ந்தாற் போல் வெளிறிக் காணப்படுமாயின், பதாகை விழாவின் பொருளுக்கே மாறுபட்டு நிற்கின்றதன்றோ? சுடர் சிறிதாயிருத்தலே அதன் பெருமை. இதனை அறிந்த ஓர் ஓவியன் அவ்வம்மனை விளக்கின் கீழொளியில் எழுதினால், நாடியும் கன்னமும் இளஞ் செம்பொன்னாய் விளங்க, விழிகளில் அவ்விளக்கின் நிழலே தோன்ற, ஏனைய மேனி கருமை மாறாது நிற்க, அப்படம் எத்துணை மெய்ம்மையுடையதாயிருக்கும்!

விழியொளி பற்றித் தனியே ஒரு சொல் கூறவேண்டும். சிலையின் கண்ணைத் திறத்தல் சிற்பிக்கு இறுதிச் செயல். அது சடங்கோடு செய்யப்படுவது. ஈழத்தின் பழங் கலைகளை ஆராய்ந்த ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் நேத்திர மங்கலம் என்னும் இச்சடங்குக்குச் சிறப்பிடம் கொடுத்துள்ளார். டிஜிற்றல் ஓவியத்திலும் விழியில் ஒளிப்பொட்டு இடுவது இறுதிச் செயலாகவே அமைகின்றது. ஆயின் அப்பொட்டு ஒளிவரும் திசையைச் சொல்வது. இரு விழிகளிலும் ஒரே பக்கத்தில், மூக்கின் ஒளியோடு பொருந்தி அது இருத்தல் வேண்டும். ஒவ்வொரு விழியிலும் மூன்று நான்கு பொட்டுக்களைச் சிதறினால் பார்வை சிதறும். அவ்வுருவம் நம்மைப் பார்ப்பதாகத் தோன்றாது. பண்டார வன்னியனின் விழி நட்சத்திரமாக மின்னும்போது, கோட்டையைப் பார்த்த அவனது நோக்கு நமக்குக் கிட்டாமற் போகின்றது.

மினுக்கம் பொருளின் தன்மையை அறிவிக்கும் என்றோம். அதனாலேயே அதனைப் பகுத்தளித்தல் வேண்டும். பருத்தி ஆடைக்கு மினுக்கம் இல்லை, பட்டுக்கு உண்டு. புழுதி படிந்த கால் மினுங்காது. வியர்த்த நெற்றி மினுங்கும். இரும்பு வாளின் அலகு விளிம்பில் மாத்திரம் ஒளி கூரியதாக ஓடும். அதன் உடல் மங்கியிருக்கும். எண்ணெய் பூசிய கருங்கூந்தலில் ஒளி ஒரு வளையமாக நிற்கும். எண்ணெயற்ற தலையில் அது சிதறும். இவ்வேறுபாடுகளைக் காட்டும் படம் ஒரு மனிதனின் வாழ்க்கையையே காட்டுகின்றது: அவன் நடந்து வந்தானா, ஊர்தியில் வந்தானா, செல்வனா, ஏழையா, வெயிலில் உழைத்தவனா என்பன மினுக்கத்தால் அறியப்படும். எல்லாவற்றுக்கும் ஒரே மினுக்கத்தை இட்டால் பருத்தியும் பட்டும் தோலும் இரும்பும் பிளாஸ்ரிக் ஆகிவிடும். மேலும், அச்சிற் படத்தின் பேரொளி என்பது தாளின் வெண்மையே. அதனினும் வெளிதாக எதனையும் அச்சிடல் இயலாது. திரையிற் கண்ணைப் பறித்த சுடர் பதாகையில் வெறும் வெள்ளைத் திட்டாக நிற்பது இதனாலேயே. ஒளி தோன்றவேண்டுமாயின் அதனைச் சூழ இருள் வேண்டும். நிழல் என்னும் சொல்லின் இருபொருளும் ஈண்டு ஒன்றாகின்றன.

இதுகாறும் கூறியவற்றைக் கலை நயம் பற்றிய சிறு பூசல் என்று எண்ணுவார்க்கு ஒன்று கூறுவோம். போரினால் வன்னி மக்கள் வீட்டையும் வளவையும் இழந்ததோடு தம் புகைப்படங்களையும் இழந்தனர். 2009 இன் பின் பல குடும்பங்களிடம் எஞ்சியது அடையாள அட்டையிலிருந்த சிறு படமோ, உறவினர் வீட்டிலிருந்த கலியாணப் படத்தின் ஒரு மூலையோ மாத்திரமே. அவற்றைப் பெருப்பித்து, நிறமூட்டி, ஒளியூட்டித் தரும் வேலை கணினியிலேயே நடைபெறுகின்றது. அவ்வாறான படங்கள் வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்குகின்றன. 2017 பெப்புருவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய தொடர் போராட்டத்திலே தாய்மார் கையில் ஏந்தியிருந்தவை படங்களே. ஒரு தாய்க்கு அப்படம் கலையன்று, சான்று. கன்னத்து வடுவையும் மூக்கின் சிறு கோணலையும் தோலின் நிறத்தையும் கொண்டே அவள் தன் பிள்ளையை அறிகின்றாள். படத்தை அழகுசெய்வதாக எண்ணி அவ்வடுவை மழுப்பி, நிறத்தை வெளுப்பித்து, கன்னத்தில் மினுக்கம் ஏற்றும் கை, அவள் அறிந்த முகத்தை அவளிடமிருந்து இரண்டாம் முறையும் எடுத்துவிடுகின்றது. அத்தகைய படத்திலே ஒளியூட்டுவோன் செய்யவேண்டியது மிகச் சிறிது: உள்ள நிறத்தை மங்காமற் காத்தல், உள்ள ஒளியின் திசையை அறிந்து அதனைத் தெளிவாக்குதல், இல்லாத ஒளியைக் கொண்டுவராதிருத்தல். முகம் அறியப்படாத பண்டார வன்னியனுக்கு முகம் கொடுப்பதிலும் பெரிய பொறுப்பு, முகம் அறியப்பட்ட ஒருவனின் முகத்தைக் காத்தல்.

குற்றம் கணினியுடையதன்று. எழுத்தாணியைப் போல, தூரிகையைப் போல அதுவும் ஒரு கருவியே. உண்மையில் மாமையைத் தீட்டுதற்கு இத்துணை வசதியான கருவி நம் ஓவியர்க்கு முன்னர் வாய்த்ததில்லை. அடிநிறத்தைத் தொடாமலே ஒளியைத் தனியடுக்கில் இட்டுப் பார்க்கலாம், கூடினாற் குறைக்கலாம், திசையை மாற்றலாம், வேண்டாவிடின் அழித்துவிடலாம். சுவரில் எழுதிய சித்திரகாரனுக்கு இவ்வாய்ப்பு இருந்ததில்லை. ஒருமுறை இட்ட வெண்மையை அவன் மீட்டெடுத்தல் அரிது. ஆகையால் அவன் இடுமுன் எண்ணினான். கணினி ஓவியன் எண்ணாமல் இடக்கூடியவனாக இருப்பதே இடர்.

ஆகவே நம் பாடசாலைகளிற் சித்திரம் பயிலும் மாணவர் ஒளியடுக்கைத் திறக்குமுன் மூன்று வினாக்களைத் தம்முட் கேட்பாராக: ஒளி எங்கிருந்து வருகின்றது? அது படும் பொருள் எத்தன்மையது? ஒளி பட்டபின் இவர் முன்னிருந்த நிறத்தினராகவே இருக்கின்றனரா? மூன்றாவது வினாவுக்கு 'ஆம்' என விடை கூறத்தக்க படங்கள் வன்னியிற் பெருகுமாயின், நம் தெய்வங்களும் வீரரும் நம்மை விட்டுச் சென்றோரும் நம் நிலத்து நிறத்தோடும் நிழலோடும் நம் முன் நிற்பர். பசலை நீங்கி மாமை மீளும்.